தேர்வு எழுதியவர்கள் பதினொரு பேர்

எங்கள் பள்ளியின் முதல் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பைப் பற்றி யார் கேட்டாலும், அவர்கள் எல்லோருக்கும் நல்ல குரல் என்பதைத்தான் முதலில் சொல்வேன். சாதாரணமாக ஒரு வகுப்பில் இரண்டு பேர் பாடுவார்கள், நாலு பேர் வாயசைப்பார்கள், மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வகுப்பு அப்படி இல்லை. காலையில் இறைவணக்கம் பாடினால் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். சுவர் பாதி உயரத்துக்குத்தான் எழுப்பியிருந்தார்கள். அதனால் பாட்டு வெளியே போக வழி இருந்தது.

என் பெயர் பக்கிரிசாமி. பாகூர்ப் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியனாக இருந்தேன். இப்போது, 1962இல், வில்லியனூரில் இருக்கிறேன். கல்வி இலாகாவில் மேற்பார்வை வேலை. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள். நடந்ததில் அவர்களுக்கோ மற்ற ஆசிரியர்களுக்கோ எந்தப் பங்கும் இல்லை.

ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக்காரர் போய்க் கொடி மாறியது. பாடம் மாற அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஆனது. அதுவரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் வசதியுள்ளவர்கள் பிரெஞ்சில் வாசித்தார்கள், பிரெஞ்சில் கணக்குப் போட்டார்கள். பிறகு சென்னைப் பாடத்திட்டம் வந்தது. கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். எங்கள் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கினார்கள், தற்காலிக அங்கீகாரத்தோடு. முதல் வகுப்பு அறுபதாம் வருஷம் மார்ச்சில் பரீட்சை எழுத வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் மேல்வகுப்புகளை எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் புதுச்சேரிக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். கூலிக்காரர் பிள்ளைகள் போகமாட்டார்கள், பெண் பிள்ளைகளை அனுப்பவேமாட்டார்கள். இதை நான் பெற்றோரிடம் சொன்னேன், ஆசிரியர்களிடம் சொன்னேன், பிள்ளைகளிடமும் சொன்னேன். அவர்கள் பயந்துபோய்ப் படித்தார்கள்.

அவர்கள் சாதித்ததைச் சொல்கிறேன். பூரணாங்குப்பத்துக் காத்தவராயன் நாலு பாடங்களில் முதலாவதாக வந்தான். அவன் அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அம்மா கூடையில் மீன் சுமந்து பாகூர்ச் சந்தையில் விற்பவர். புதுச்சேரியில் எல்லாப் பள்ளிகளுக்கும் நடந்த கட்டுரைப் போட்டியில் டவுன் பையன்களைத் தாண்டி அவனுக்குத்தான் வெள்ளிக் கோப்பை கிடைத்தது. அவன் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல இன்னாத்தடா ஊத்திக் குடிக்கறது, இவ்ளோ சின்னதா இருக்குது” என்று கேட்டார். கரிக்கலாம்பாக்கத்துத் தங்கவேல் உயரம் தாண்டுவதில் பெயரெடுத்தான். ஆரோக்கியம் என்ற பெண்ணுக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்தது. அவள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவள். கபடியில் இரண்டு டவுன் பள்ளிகளைத் தோற்கடித்தார்கள். ஜூனில் தினசரியில் தேர்வு எண்கள் வந்தபோது பதினொன்றும் இருந்தன. எழுதியவர்கள் பதினொரு பேர், தேறியவர்கள் பதினொரு பேர். புதுச்சேரிக்குள் அந்த வருஷம் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே கிராமத்துப் பள்ளி எங்களுடையது. அதற்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இப்போது இருக்கும் வேலையும் அதனால் வந்ததுதான். நான் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள்.

வகுப்பில் படித்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது பெண் காய்ச்சலால் பரீட்சை எழுத வரவில்லை. பரீட்சைக்கு வராதவரைத் தேர்ச்சி விகிதத்தில் சேர்ப்பதில்லை. அது விதி. ஆகவே நூறு என்பது பொய்க் கணக்கு அல்ல.

அந்தப் பெண் என் மகள் சுலோசனா.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள். என் மனைவி தெய்வநாயகி அவளை இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை என்று எங்கள் தெருவில் கேலி செய்வார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பரிசளிப்பு விழாவில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் முதலாவது வந்த பிள்ளைக்குப் பச்சைக் காகித இலைகளால் கிரீடம்போல முடி செய்து தலையில் வைப்பார்கள். யார் கையால் வைத்துக்கொள்வது என்பதை அந்தப் பிள்ளையே மேடையில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெரிய மனிதர் யாரையாவது சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்துவருவார்கள். சுலோசனாவுக்குப் பத்து வயதில் பிரெஞ்சு வாசிப்புக்காக அந்த முடி கிடைத்தது. மேடையில் ஒரு துரை உட்கார்ந்திருந்தார். அவரைச் சொல்லும்படிதான் பழக்கியிருந்தார்கள். அவள் கூட்டத்தைப் பார்த்து, “எங்கப்பா வைக்கட்டும்” என்றாள். துரை சிரித்துக்கொண்டே எழுந்து எனக்கு வழிவிட்டார். அந்த வழக்கத்தை நான் கொடி மாறிய பிறகும் விடவில்லை.

பாடத்திட்டம் மாறியபோது அவளுக்குக் கணக்கில்தான் அடி விழுந்தது. அரைப் பரீட்சையில் இருபத்திரண்டு மார்க்கு. சிதம்பரத்திலிருந்து வந்த கணக்கு ஆசிரியர் என் அறைக்கு வந்து, மிகவும் தயங்கி, “உங்க பொண்ணுக்கு ஒண்ணுக்கும் ஆயிரத்துக்குமே வித்தியாசம் பிடிபடல சார். வீட்ல நீங்க கொஞ்சம் பாக்கலாமே” என்றார். நான் சரி என்றேன். விடைத்தாளை வாங்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஒரு தலைமையாசிரியன் தன் மகளின் விடைத்தாளைக் கேட்டு வாங்கினால் வேறு மாதிரி பேசுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த இருபத்திரண்டைக் கண்ணால் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்ன தவறு என்று பிப்ரவரியில் தெரிந்தது. சாப்பாட்டு வேளை. பூவரச மரத்தடியில் சுலோசனாவும் காத்தவராயனும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கவேல் பக்கத்தில் படுத்திருந்தான். நான் என் அறை ஜன்னலுக்கு உள்ளே இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

“இன்னா சுலோ இது, மூணு படி அரிசி மூவாயிரத்துச் சொச்சம் படியா ஆயிடுச்சி? உங்க தாத்தா மளிகைக் கட இப்பிடித்தான் பெருசாச்சா?”

“அது மூணு, அப்புறம் கமா. உனக்குக் கண்ணு இல்லியா?”

“எனுக்குக் கீது. மெட்ராசுல திருத்தறவனுக்கு இருக்கணுமே. புள்ளி வைடி, புள்ளி.”

“டி போட்டன்னா சார்கிட்ட சொல்லிடுவேன்.”

“சொல்லேன். சாரும் கமா போட்டு வளந்தவருதான. ஆமா, ஏழுக்கு எதுக்கு இடுப்புல கோடு போட்ற? அரணாக்கயிறா?”

தங்கவேல் கண்ணைத் திறக்காமலேயே, “அதுக்கும் திஷ்டி படாம இருக்கணும்ல” என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

விஷயம் அவ்வளவுதான். பிரெஞ்சுக் கணக்கில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கால்புள்ளி வைப்பார்கள். ஏழின் நடுவில் ஒரு சிறு கோடு இழுப்பார்கள். வகுத்தலை நேர்மாறாக எழுதுவார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், என் மகளும் அப்படித்தான் படித்தாள். சிதம்பரத்துக்காரர் அவளுடைய மூன்றேகாலை முந்நூற்றிருபத்தைந்தாக வாசித்து அடித்திருக்கிறார். அவள் கணக்குகள் பெரும்பாலும் சரி. கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாமன் வீட்டில் இருந்து சின்ன வகுப்புப் படித்தவன் என்பதால் காத்தவராயனுக்கு அது கண்ணில் பட்டது. என் கண்ணில் முதலிலேயே பட்டிருக்க வேண்டும். புதுச்சேரியில் பாதி வீடுகளில் அந்த வருஷங்களில் இந்தத் தவறு நடந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நான் ஜன்னலைவிட்டு வந்துவிட்டேன். கணக்கு ஆசிரியரிடம் சொல்லவில்லை. ஆறு வருஷம் பழகிய கை ஒரு மாதத்தில் மாறாது என்று நினைத்தேன். ஆசிரியர் வேலையில் கையின் பழக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் தொடக்கத்தில் அவளுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. டாக்டர் இன்னாசிமுத்து சைக்கிளில் வந்தார். பிரெஞ்சு மருத்துவப் பள்ளியில் படித்த வயதான மனிதர். என்னை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில், முசியே என்றுதான் கூப்பிடுவார். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து ஊசி போட்டார். பிறகு என்னை வாசலுக்கு அழைத்துவந்து மாத்திரைகளைக் கையில் கொடுத்தார்.

“முசியே, சளி கட்டிக்கினு கீது. பயப்பட வாணாம், ஆனா வெளையாட்டு இல்ல. காய்ச்சல் எறங்கிடுச்சின்னு மாத்திரைய நிறுத்திடாதீங்க. எல்லாரும் அதத்தான் செய்றாங்கோ. திரும்பி வந்துச்சின்னா நெஞ்சு தாங்காது. நான் மறுபடி வந்து ஊசி போட்றேன்.”

தெய்வநாயகிக்குப் படிக்கத் தெரியாது. மாத்திரை கொடுக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒழுங்காகக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. சுலோசனா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், தலை பின்னிக்கொண்டாள், ஆரோக்கியத்தை வரச்சொல்லி வரலாறு ஒப்பித்தாள். வீடு பழையபடி ஆனது.

அந்தச் சமயத்தில் மாத்திரையை நிறுத்தினேன்.

அது எப்படி என் மனத்தில் வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு நாளில் வந்ததல்ல. அவள் படுத்திருந்தபோது வகுப்பில் பதினொரு பேரைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். அந்தப் பதினொரு பேரும் தேறுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் மேலும் சந்தேகம் இல்லை. அவள் வந்து உட்கார்ந்தால் மட்டும் சந்தேகம் உண்டு. தேறாத ஒரே பிள்ளை தலைமையாசிரியர் மகள் என்று ஊர் சொல்லும். அதை அவளால் தாங்க முடியாது என்று நினைத்தேன். காய்ச்சல் என்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அக்டோபரில் எழுதிக்கொள்ளலாம். கணக்குப் பரீட்சை முடியும்வரை அவள் படுக்கையில் இருந்தால் போதும். அதற்குப் பிறகு மாத்திரையைத் தொடர்வதாக இருந்தேன். மருந்தை அப்படி நிறுத்தித் தொடரலாம் என்று நம்பினேன். பாடத்தை அப்படித்தான் செய்வோம்.

டாக்டருக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன்: பெண் நன்றாக ஆகிவிட்டாள், இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க வேண்டாம் என்று. வயதானவர். நன்றி சொல்லியனுப்பினார். மீதி மாத்திரைகளைக் கிணற்றடியில் கரைத்துவிட்டேன்.

காய்ச்சல் திரும்பியது. முதலில் மாலையில் மட்டும், பிறகு நாள் முழுவதும். தெய்வநாயகி சுக்குக் கஷாயம் வைத்தாள், மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றாள். அவர் ஊரில் இல்லை என்றேன்.

பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கூட்டிப்போய் டவுனிலேயே ஒரு வீட்டில் தங்கவைக்க ஏற்பாடு செய்திருந்தேன். புறப்படும் காலை பஸ் எங்கள் தெரு முனையில் நின்றது. சுலோசனா குளிக்காமல் புடவை மட்டும் மாற்றிக்கொண்டு, பேனாவில் மை ஊற்றி எடுத்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“நான் வரேன்பா.”

“காய்ச்சல் அடிக்குது.”

“உக்காந்து எழுதறதுதானப்பா. ஓடவா போறேன்?”

தெய்வநாயகி உள்ளேயிருந்து வந்தாள். “ஏங்க, இட்டுக்கினுதான் போங்களேன். எழுதறாளோ இல்லியோ, அங்க பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாம்ல. நானும் கூட வரேன்.”

பரீட்சை முடியட்டும் என்றேன்.

காத்தவராயன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தான். “சார், நானும் தங்கவேலும் கைத்தாங்கலா புடிச்சிக்கறோம் சார். கட்டுமரத்துல கெடந்து வாந்தி எடுக்கறவனயே கரைக்கு இட்டாந்துடுவோம். இவ இன்னா சார், பஞ்சு மூட்ட.”

“பஞ்சு மூட்ட உங்க ஆயா” என்றாள் சுலோசனா. சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமல் நிற்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

நான் அவனைப் பஸ்ஸில் ஏறச் சொன்னேன். அவளிடம், “வராதது தோக்கறது இல்லம்மா. அக்டோபர்ல எழுதிக்கலாம். ரிசல்ட்டுல கூட சேக்கமாட்டாங்க” என்றேன்.

“அப்பிடின்னா நான் வராம இருக்கறது உங்களுக்கு நல்லதாப்பா?”

“உனக்கு நல்லது” என்றேன்.

பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். யாருக்காவது மை தீர்ந்தால் ஆகும் என்றாள். ஆரோக்கியத்துக்குத்தான் ஆனது.

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று பிள்ளைகளைக் கணக்கு ஆசிரியர் பொறுப்பில் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வழியில் புது மாத்திரைகள் வாங்கினேன். வீட்டில் அவள் மூச்சுக்குத் தோள் இரண்டும் ஏறி இறங்கின. கார் பிடித்துப் புதுச்சேரிக்கு எடுத்துப்போனோம். வழியெல்லாம் தெய்வநாயகி மடியில் தலை. கணக்கு எப்படி வந்தது என்று சுலோசனா கேட்டாள். சுலபம் என்றேன். எல்லோருக்கும் சுலபமா என்று கேட்டாள். எல்லோருக்கும் என்றேன். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்தார்கள். மறுநாள் மதியம் இறந்துபோனாள். அப்போது அவள் வகுப்பு விஞ்ஞானம் எழுதிக்கொண்டிருந்தது.

உடலை ஊருக்குக் கொண்டுவந்து பெண்ணையாற்றங்கரையில் அடக்கம் செய்தோம். கல்யாணமாகாத பெண், அதனால் எரிக்கவில்லை. வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. நான் சொல்லவில்லை. இன்னும் பாடங்கள் மீதி இருந்தன. அடக்கம் முடிந்த மறுநாள் காலை டவுனுக்குத் திரும்பிப் போய், அவர்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, பரீட்சை அறைக்கு அனுப்பினேன். சுலோ எப்படியிருக்கிறாள் என்று கேட்டார்கள். தூங்குகிறாள் என்றேன். கடைசித் தாள் முடிந்து வெளியே வந்த பிறகுதான் சொன்னேன். ஆரோக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கவேல் மதில் பக்கம் திரும்பி நின்றான். காத்தவராயன் மட்டும் தொப்பியைக் கழற்றிய என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வழக்கப்படி எடுத்த மொட்டை. அந்த நாட்களில் நான் தொப்பி போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் இருந்திருக்கிறேன்.

ஜூலையில் பரிசளிப்பு விழா. இன்ஸ்பெக்டர் சுப்பராயலு தலைமை. தெய்வநாயகி வரமாட்டேன் என்றாள். காத்தவராயனின் அம்மா நேரில் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். மொத்த மார்க்கில் முதலாவது வந்தவன் என்று காத்தவராயனைக் கூப்பிட்டார்கள். யார் முடி வைக்க வேண்டும் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழத் தயாரானார். அவன், “சுலோசனா அம்மா வைக்கணும்” என்றான்.

தெய்வநாயகியை மேடைக்கு ஏற்றினார்கள். காகித முடியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பூச்சரம் வைப்பதுபோல அவன் தலையில் வைத்து அழுத்தினாள். அவன் அப்படியே திரும்பி நின்று பேசினான்.

“எங்க வகுப்புல பன்னெண்டு பேரு. சுலோசனா எழுதி இருந்தா அதுவும் பாஸ்தான். பேப்பர்ல வந்த கணக்குங்கள நான் பாத்தேன், அதுல ஒண்ணு கூட அதுக்குத் தெரியாதது இல்ல. கமா போட்ற பழக்கம் ஒண்ணுதான் அதுக்குக் கொற. அதயும் உட்டுட்டுச்சி. கடைசி மாசத்துல சுலோதான் தங்கவேலுக்கே சொல்லிக் குடுத்துச்சி.”

தங்கவேல் கூட்டத்திலிருந்து கையைத் தூக்கி ஆமாம் என்றான். சிலர் கைதட்டினார்கள், சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு இன்ஸ்பெக்டர் பேசினார். துக்கத்தை இறக்கிவைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். “உங்க தலைமையாசிரியரப் பத்திச் சொல்றேன். போன டிசம்பர்ல இங்க வந்தப்பவே சொன்னேன். பாதிப் பேரு தேறினாப் போதும், அங்கீகாரம் என் பொறுப்பு, ஒடம்பக் கெடுத்துக்காதீங்கன்னு. மனுஷன் கேட்டாரா? நூத்துக்கு நூறு. சொந்தப் பொண்ணப் பறிகுடுத்த வாரத்துல கூட பிள்ளைங்கள உட்டுட்டுப் போகல.” சால்வை அப்போது போர்த்தியதுதான்.

மேலே, மேல்வகுப்புகளை எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான். பள்ளிக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் அதைச் சொல்லவில்லை. பயம் இருந்தால் நன்றாகப் படிப்பார்கள்.

விழா முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது தெய்வநாயகி, “நம்ப பொண்ணும் பாஸ் ஆயிருக்கும்னு அந்தப் புள்ள அத்தினி பேரு முன்னால சொல்லுச்சே, கேட்டீங்களா?” என்றாள். கேட்டேன் என்றேன். “மனசுக்கு நெறவா இருந்துச்சி” என்றாள். பிள்ளை போனதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு சொல் வந்தது அன்றுதான்.

டாக்டர் இன்னாசிமுத்து ஒருமுறை வழியில் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். “முசியே, நான் குடுத்த மாத்திரைய முழுசும் சாப்ட்டுதா பொண்ணு?”

சாப்பிட்டாள் என்றேன்.

“ஒண்ணு உடாம?”

“ஒண்ணு விடாமல்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “அப்ப என் கணிப்புதான் தப்பு. நெஞ்சுல இருந்தது நான் நெனச்சது இல்ல போலக்குது. அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி இருக்கணும். என்ன மன்னிச்சிடுங்க முசியே.” என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பரவாயில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு குழந்தைகளுக்கு அவர் வைத்தியம் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். காய்ச்சல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், எனக்குத் தெரியாது, டவுனுக்கு எடுத்துப் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிடுகிறாராம்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து, பள்ளியில் கணக்கில் முதலாவது வரும் பெண்ணுக்கு வருஷாவருஷம் சுலோசனா பெயரில் ஒரு பரிசு ஏற்படுத்தியிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் காத்தவராயன் வில்லியனூருக்கே வந்து சொன்னான். முதல் பரிசை நான் கொடுக்க வேண்டுமாம். தெய்வநாயகி அவனுக்கு வாழையிலை போட்டுச் சாப்பாடு போட்டாள். மீன் வாங்கவில்லையா என்று கேலி செய்தான். உன் ஊர் மீனுக்கு இங்கே எங்கேடா போவது என்றாள். சிரித்தாள். அந்த விழாவுக்கு உடுத்த ஒரு புடவையை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். நான் போகப்போவதில்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். பிறகு யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்களுக்குக் கொடுப்பேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் தேறமாட்டாள் என்று நினைத்துத்தான் செய்தேன் என்று இதுவரை படித்தவர்கள் எண்ணுவார்கள். நானும் அப்படி எண்ண ஆசைப்பட்டேன். அது அப்படி இல்லை.

காய்ச்சல் இறங்கிய அன்று மாலை அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தெய்வநாயகி கொல்லையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு சிலேட்டை எடுத்துவந்து, ஒரு கணக்குத் தரட்டுமா என்றேன். “குடுங்கப்பா” என்றாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. நான் அவளுக்கு வெகுநாளாகக் கணக்குக் கொடுத்ததில்லை. முதலாவது வட்டிக் கணக்கு, சரியாகப் போட்டாள். இரண்டாவது கொஞ்சம் கடினமாகக் கொடுத்தேன். அதுவும் சரி. புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஏழுக்கு நடுவில் கோடு இல்லை. மூன்றாவதில் கடைசி வரிக்கு வந்தபோது அவள் கை சற்றுக் கீழே இழுத்துக் கால்புள்ளி போட்டது. உடனே அவளே பார்த்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, விரலை நனைத்து அந்த வாலை மட்டும் துடைத்தாள். புள்ளி நின்றது. விடை சரி.

“பாத்தீங்களா, நானே கண்டுபுடிச்சிட்டேன்.”

கெட்டிக்காரி என்றேன்.

மூன்றுக்கு மூன்று. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் முழு மார்க்குக் கொடுத்து, நீ தேறிவிடுவாய், போய்த் தூங்கு என்று சொல்லியிருப்பேன். அவள் தேறிவிடுவாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அநேகமாகத் தேறிவிடுவாள். மற்ற பதினொரு பேர் விஷயத்தில் நான் அநேகமாக என்ற சொல்லை உபயோகித்ததில்லை.

சிலேட்டை வாங்கி வைத்தேன். மாத்திரை நேரம் ஆகியிருந்தது. அவள் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

இனிமேல் வேண்டாம், டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றேன்.

“அப்பாடா, ஒரே கசப்பு” என்று சொல்லிச் செம்பைக் கீழே வைத்தாள்.